எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல் நிற்கவில்லையா? எங்கே போவது, என்ன கேட்பது, பையில் என்ன இருக்க வேண்டும்

என் சித்தப்பா ஐந்து வாரம் இருமினார். அந்த ஐந்து வாரத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்தோம், மூன்று எக்ஸ்ரே எடுத்தோம், 38,600 ரூபாய் செலவானது. கடைசியில் அவரைப் பிழைக்க வைத்த மருந்து எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிற மாத்திரைகள். மருந்து இல்லாமல் நாங்கள் கஷ்டப்படவில்லை, முதலில் போக வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போனதால் கஷ்டப்பட்டோம்.

நான் டாக்டர் இல்லை. ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். அதனால் தேதி, தொகை, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு. மருந்தின் அளவை நீங்களே முடிவு செய்துகொள்ள இதை எழுதவில்லை. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

1. முதல் டாக்டரிடமே எச்.ஐ.வி. என்று சொல்லுங்கள்

சித்தப்பாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது பதினோரு வருடமாகச் சித்திக்கு மட்டும் தெரியும். ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மூன்று மாவட்டம் தாண்டிப் போய் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் அரசு மையம்) பதிந்து, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். தூரமாகப் பதிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பஸ் செலவு, ஒருநாள் கூலி, யாரிடமாவது சொல்ல வேண்டிய பொய், எல்லாம் சேர்ந்து முதலில் ஒரு மாதம் தவறும். பிறகு திட்டுவார்களே என்று அடுத்த மாதமும் போவதில்லை. அவர் மருந்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இருமல் வந்ததும் தெருமுனை மருந்துக் கடையில் சிரப். பிறகு ஒரு தனியார் கிளினிக். அங்கே எச்.ஐ.வி. பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. டாக்டர் அலர்ஜி இருமல் என்று நினைத்து ஒரு ஆன்டிபயாட்டிக்கும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார். ஐந்து நாள் நன்றாக இருந்தது, ஆறாவது நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாதி விவரத்தை மறைத்துவிட்டுப் போனது நாங்கள்தான்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, ஸ்டீராய்டு கொஞ்ச நாளைக்கு எல்லாவற்றையும் அமுக்கி வைக்கும், சரியாகிவிட்டது போலத் தோன்றும். இரண்டு, லீவோஃப்ளாக்சசின் மாதிரியான சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும், ஆனால் முழுதாக ஒழிக்காது. சளி கொடுப்பதற்கு முன்னாலேயே அதைச் சாப்பிட்டால் டிபி கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அதனால் நெஞ்சு சம்பந்தமாக யாரைப் பார்த்தாலும் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “எச்.ஐ.வி. இருக்கிறது, கடைசி சிடி4 இவ்வளவு, கூட்டு மருந்து சாப்பிடுகிறார்,” அல்லது “விட்டு இத்தனை நாள் ஆகிறது.” (சிடி4 என்பது உடம்பில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரத்த எண்ணிக்கை.)

வெளியே சொல்லிவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி சம்மதமில்லாமல் விவரத்தை வெளியிடக் கூடாது, எச்.ஐ.வி. என்ற காரணத்துக்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் வாங்காமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. மறுத்தால் 1097 என்ற இலவச எண்ணில் விவரம் சொல்லி அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சட்டம் இருப்பதால் எல்லாரும் ஒழுங்காக நடப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னபோது ஒரு வரவேற்பு மேஜையில் குரல் தணிந்ததை நானே பார்த்தேன்.

எச்.ஐ.வி. இருக்கிறதா என்றே தெரியாதவர்களுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைகிறது, வாயில் வெள்ளையாகப் படிகிறது என்றால் ஜி.எச்.சில் உள்ள நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் இடத்தில், ரத்தம் கொடுங்கள். இலவசம். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள்.

2. என்ன மாதிரி இருமல் என்று கவனியுங்கள்

எச்.ஐ.வி.யில் நெஞ்சுக்குள் வருவது ஒரே நோய் இல்லை. நாங்கள் பார்த்த டாக்டர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை மூன்று.

காசநோய் மெதுவாக வரும். மாலைக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, சட்டை தொளதொளவென்று ஆகிவிடும். சிடி4 எவ்வளவு இருந்தாலும் வரலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இரண்டு வாரம் காத்திருக்கிற விதி கிடையாது. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வேர்வை இந்த நான்கில் ஒன்று ஒரு நாள் இருந்தாலும் டிபி டெஸ்ட் கேட்கலாம்.

சாதாரண பாக்டீரியா நிமோனியா திடீரென்று வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று குளிர் காய்ச்சலோடு, நெஞ்சில் குத்தலோடு, மஞ்சளாகவோ துருநிறமாகவோ சளி துப்புவார்.

மூன்றாவது நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. ஆஸ்பத்திரியில் பிசிபி என்பார்கள். இது ஒரு பூஞ்சை. பெரும்பாலும் சிடி4 200க்குக் கீழே போனவர்களுக்கு, அதுவும் தடுப்பு மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு வரும். வறட்டு இருமல், சளியே வராது. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது, பாத்ரூம் வரை நடந்துவிட்டு வந்தால் மூச்சு வாங்கும். சித்தப்பா பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு விட்டதை நாங்கள் ‘வயசாகுது’ என்று நினைத்தோம். அவருக்கு 47 வயதுதான்.

ஒன்றுதான் வரும் என்றும் நினைக்காதீர்கள். சித்தப்பாவுக்குப் பிசிபியும் டிபியும் சேர்ந்தே இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் அடுத்ததைத் தேடுவதை நிறுத்திவிட விடாதீர்கள்.

3. விரலில் மாட்டி, நடக்க வைத்துப் பாருங்கள்

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டில் பரண்மேல் கிடக்கும். பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். புதிதாக வாங்கினாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உட்கார்ந்த நிலையில் ஒரு அளவு, கூடத்துக்கும் வாசலுக்கும் இரண்டு மூன்று நிமிடம் நடந்த பிறகு ஒரு அளவு. உட்கார்ந்தபோது 96 இருந்து நடந்ததும் 90க்குப் போனால் அது பிசிபியில் அடிக்கடி பார்க்கிற குணம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நடக்கும்போதே மூச்சு முட்டினால் நடையை அங்கேயே நிறுத்துங்கள், பரீட்சைக்காக அவரை வதைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. டிபி என்று தெரிந்ததும் எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்ப்பதுதான் திட்டம். அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்: உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 94க்குக் கீழ், நிமிடத்துக்கு மூச்சு 24க்கு மேல், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை. இதில் எது ஒன்று இருந்தாலும் நாளைக் காலை ஓ.பி.க்குப் போகலாம் என்று படுக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். நெஞ்சில் திடீர் வலியோடு மூச்சு நின்றுபோகிற மாதிரி இருந்தாலும் அப்படித்தான். பிசிபியில் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறுவதும் உண்டு.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனைக்கு எச்.ஐ.வி.யோடு டிபி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கைவந்த அனுபவம்.

4. பையில் என்ன வேண்டும்

நாங்கள் இரண்டு முறை திரும்பி வந்தது காகிதத்துக்காக. ஒரு கட்டைப்பையில் இதையெல்லாம் போட்டு வாசலிலேயே மாட்டி வையுங்கள்.

ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பச்சை நோட்டு. பதிவு எண், பழைய சிடி4, என்ன மருந்து, எந்தத் தேதியில் வாங்கினார் எல்லாம் அதில்தான் இருக்கும். தொலைந்துவிட்டால் பதிவு எண்ணாவது வேண்டும், அதுவும் இல்லையென்றால் மருந்து டப்பாவின் போட்டோ. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர் என்றால் நம்பிக்கை மையம் கொடுத்த முடிவுச் சீட்டு.

ஆதார் நகல் மூன்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு, முகவரிக்கு ரேஷன் கார்டு நகல். நோயாளி பெயரில் உள்ள பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், இது எதற்கென்று பிறகு சொல்கிறேன். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. எடுத்த எக்ஸ்ரே எல்லாம், ஃபிலிமாகவே. போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் டாக்டர் முகம் சுளிக்கிறார், அதுவும் நியாயம்தான்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு: இருமல் ஆரம்பித்த தேதி, சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் பெயர்கள், சல்ஃபா மாத்திரையில் முன்பு தடிப்பு வந்ததா, சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, குடிப்பாரா. சித்திக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் அவர் முன்னால் கேட்கப்படுவது பிடிக்கவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிட்டோம்.

மருந்தை விட்டவர் என்றால் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகவே கூசும். போங்கள். சித்தப்பாவைத் திட்டுவார்கள் என்று நானும் கூடவே நின்றேன். ஆலோசகர் அம்மா நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வந்துட்டீங்கல்ல, உட்காருங்க” என்றார், அவ்வளவுதான். தூரத்து மையத்தில் பதிவு இருந்தால் பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாற்றல் கடிதம் வருகிற வரைக்கும் நெஞ்சு டெஸ்ட்டைத் தள்ளிப் போட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

5. சளி கொடுப்பது: இங்கேதான் பாதிப் பேர் தவறு செய்கிறோம்

முதல் தடவை டப்பாவை வாங்கிய சித்தப்பா ஒதுக்குப்புறமாகப் போய் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு ‘கிருமி இல்லை’. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு டிபி இல்லை என்று பத்து நாள் நிம்மதியாக இருந்தோம்.

எச்சில் வேறு, சளி வேறு. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். திறந்தவெளியில், மற்றவர்கள் இல்லாத இடத்தில் நின்று, ஆழமாக மூச்சு இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமிக் கெட்டியாக வருவதை டப்பாவில் துப்ப வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவாவது வேண்டும். வரவே இல்லை என்றால் ஆஸ்பத்திரியில் உப்புநீரை நெபுலைசரில் வைத்து வரவழைப்பார்கள், அதைக் கேளுங்கள். டப்பாவை மூடி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. போனேன், அதனால் சொல்கிறேன்.

கேட்க வேண்டிய டெஸ்ட் சிபிநாட் அல்லது ட்ரூநாட், டிபி கிருமியின் மரபணுவை மிஷினில் தேடும் டெஸ்ட். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போதாது, அவர்கள் சளியில் கிருமி எண்ணிக்கை குறைவாக இருக்கும். சிபிநாட் மிஷின் வேலை இரண்டு மணி நேரம்தான், வரிசையில் நின்று முடிவு கைக்கு வர எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து வேலை செய்யுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். அரசில் இலவசம். தனியார் லேபில் சில ஆயிரம் கேட்பார்கள், கொடுக்கத் தேவையில்லை.

சளியே வராமல், சிடி4 ரொம்பக் குறைவாக, ஆளும் மோசமாக இருந்தால் ‘யூரின் லாம்’ என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. சிறுநீரில் பட்டை வைத்து அரை மணிக்குள் பார்ப்பது. எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள், இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. கழுத்தில் கட்டி இருந்தால் ஊசி போட்டு எடுத்து அதிலும் சிபிநாட் பார்க்கலாம்.

6. எக்ஸ்ரே நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்

சிடி4 குறைந்தவருக்கு டிபி இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். பிசிபியும் ஆரம்பத்தில் அப்படித்தான். நெஞ்சில் ஓட்டை, மேல்பக்கம் வெள்ளை என்று நாம் கேள்விப்பட்ட டிபி அடையாளமெல்லாம் எதிர்ப்பு சக்தி உள்ள உடம்பு கிருமியோடு சண்டை போட்டதன் தழும்பு. சண்டையே போடாத உடம்பில் தழும்பு எங்கிருந்து வரும்?

எங்கள் விஷயத்தில் விடை சொன்னது சி.டி. ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் கண்ணாடியில் மூச்சு ஊதினால் மங்குமே, அந்த மாதிரி மங்கல். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் 500 ரூபாய் கட்டினோம். அதற்கு முன் தனியார் ஸ்கேன் சென்டரில் கேட்டது 4,800. எல்.டி.எச். என்ற ரத்த டெஸ்ட்டும் பார்த்தார்கள், பிசிபியில் அது ஏறியிருக்கும், ஆனால் வேறு நோயிலும் ஏறும். பிசிபிக் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்க முடியாது. சளியிலோ, குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலோ சாயம் போட்டுத்தான் தேட வேண்டும். மூச்சுத் திணறலில் இருப்பவருக்குக் குழாய் விடுவதே ஆபத்து. அதனால் பல சமயம் அறிகுறி, ஆக்சிஜன், ஸ்கேன் மூன்றையும் வைத்து மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். “உறுதி செய்யாமலே மருந்து கொடுக்கிறார்களே” என்று நான் சண்டைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

இதே ரத்தத்தில் சிடி4 கட்டாயம் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் டெஸ்ட்டும் கேளுங்கள். அது மூளைக்குப் போகிற பூஞ்சை, தலைவலி வருவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் பிடித்துவிடலாம். சித்தப்பாவுக்குச் சிடி4 41 வந்தது. கிரிப்டோகாக்கஸ் இல்லை.

7. எந்த மருந்து முதலில், எது பிறகு

எனக்கு மிகவும் குழப்பமாக இருந்த இடம் இது. கூட்டு மருந்தை இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லிச் சித்தி அழுதார். ஆஸ்பத்திரியில் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். காரணம் இருக்கிறது. முதலில் நுரையீரலில் இருக்கும் கிருமிக்கு மருந்து போக வேண்டும். டிபி மருந்து ஆரம்பித்து உடம்பு தாங்குகிறது என்று தெரிந்ததும், இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து. பிசிபியிலும் ஏறக்குறைய அப்படித்தான். மூளையில் டிபி என்றால் இன்னும் தள்ளிப் போடுவார்கள். ஆகவே ‘பொறுங்கள்’ என்றால் ‘வேண்டாம்’ என்று அர்த்தமில்லை, ஆனால் எந்தத் தேதி என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் வார்டு மாறும்போது அது மறந்துபோகும்.

பிசிபிக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்து, 21 நாள். ஆக்சிஜன் குறைவாக இருந்தால் கூடவே ஸ்டீராய்டு, குறைத்துக்கொண்டே வந்து அதுவும் 21 நாள். முன்னே ஸ்டீராய்டு பொறி என்று சொன்னேனே, சரியான மருந்தோடு சேரும்போது அதே ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றுகிறது. மருந்து ஆரம்பித்து முதல் மூன்று நான்கு நாள் மூச்சு இன்னும் மோசமாகலாம், அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியை மாற்றாதீர்கள். நாங்கள் மாற்றவிருந்தோம்.

டிபிக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, தினமும், எடைக்கு ஏற்ற எண்ணிக்கை. சித்தப்பாவின் 43 கிலோவுக்கு மூன்று மாத்திரை. எடை ஏறினால் எண்ணிக்கையும் மாறும், அதனால் மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.யும் டிபியும் உள்ளவருக்கு டிபி மாத்திரையை ஏ.ஆர்.டி. மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், இரண்டு இடத்துக்கு அலைய வேண்டாம்.

ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள்: “டோலுடெக்ராவிர் இன்னொன்று சேர்க்க வேண்டுமா?” இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடும் கூட்டு மருந்தில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் அதை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தனியாக இன்னொரு 50 மில்லிகிராம் மாத்திரை கொடுப்பார்கள். டிபி மருந்து முடிந்து இரண்டு வாரம் வரைக்கும் அது தொடர வேண்டும். அப்புறம், அசிடிட்டி மருந்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் பின்னால் டோலுடெக்ராவிரைப் போட வேண்டும்.

8. மருந்து ஆரம்பித்த பிறகு வரும் வம்புகள்

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசின் நிறம். ஆனால் கண் மஞ்சளாகி, வாந்தி வந்து, சோறு பிடிக்கவில்லை என்றால் அது ஈரல். அன்றைக்கே போங்கள். டிபி மருந்தில் மூன்று ஈரலோடு விளையாடுகிறவை. அதன்மேல் டாஸ்மாக்கும் சேர்ந்தால் தாங்காது. நாட்டு மருந்து கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

விரல் நுனி மரத்துப்போனால் பி6 வைட்டமின் மாத்திரை கிடைக்கிறதா என்று பாருங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றால் டிபி மருந்தில் ஒன்றான எதம்ப்யூட்டால் காரணமாக இருக்கலாம். கோட்ரைமாக்சசோல் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் அடுத்த மாத்திரை போடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. கூட்டு மருந்து ஆரம்பித்து முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள், தேறி வந்தவருக்குத் திடீரென்று மறுபடி காய்ச்சல், கழுத்தில் புதுக் கட்டி, இருமல். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நிறுத்துகிற கட்டம் இதுதான். தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு உள்ளே கிடக்கிற கிருமியைப் பார்த்து ஆர்ப்பாட்டம் செய்வதால் இது வரும். ஆனால் எதிர்ப்பு சக்தியா, மருந்துக்கு அடங்காத டிபியா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

9. பணம்

டிபி என்று தெரிந்ததும் நிக்ஷய் என்ற அரசு டிபி பதிவில் ஒரு எண் போடுவார்கள், அதை எழுதி வாங்குங்கள். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. மாதாமாதம் வராது, ஆரம்பத்தில் 3,000, மூன்றாவது மாத வாக்கில் 3,000. பாஸ்புக் நகல் இதற்குத்தான். சித்தப்பாவின் கணக்கு பல வருடம் தொடாமல் முடங்கிக் கிடந்தது, பணம் வந்து திரும்பிப் போய்விட்டது. முதல் வாரத்திலேயே பேங்குக்குப் போய்க் கணக்கை உயிர்ப்பித்து, ஆதாரையும் இணைத்துவிடுங்கள். வரவில்லை என்றால் 1800-11-6666, காசநோய் உதவி எண், இலவசம்.

தனியாரில்தான் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டும், சேர்த்த பிறகு கேட்டால் பதில் மாறிவிடும். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் கட்டணச் சலுகையும் இருக்கிறது. அதற்கான படிவத்தை ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

எங்கள் 38,600இல் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஆனது 3,150 தான். அதிலும் பாதி எனக்குச் சாப்பாடும் பஸ்ஸும்.

10. வீட்டில் இருப்பவர்கள், அப்புறம் தடுப்பு மாத்திரை

பிசிபிக்காக வீட்டில் யாரையும் ஒதுக்க வேண்டாம். டிபி காற்றில் பரவும், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் வாரங்களில் அவர் மாஸ்க் போடட்டும், வீட்டிலுள்ள எல்லாருக்கும் டிபி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாதவர்களுக்கு, முக்கியமாக ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், தடுப்பு மருந்து தருவார்கள். தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்க வேண்டாம், எச்.ஐ.வி. அப்படியெல்லாம் ஒட்டாது.

பிசிபி குணமானதும் கோட்ரைமாக்சசோலை நிறுத்திவிடாதீர்கள். 21 நாள் முடிந்ததும் தினம் ஒன்றாகத் தொடரும். சிடி4 350க்குக் கீழே உள்ள எல்லாருக்கும் இந்த மாத்திரை உண்டு, பிசிபி வராதவர்களுக்கும்தான். ஏ.ஆர்.டி. மையத்திலேயே இலவசம். ஒருநாள் ‘ஸ்டாக் இல்லை’ என்றால் வெறுங்கையோடு திரும்பாமல் சீட்டு எழுதி வாங்கி வெளியே வாங்குங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை 350ஐத் தாண்டிய பிறகுதான் நிறுத்துவார்கள்.

சித்தப்பாவுக்குப் போன டெஸ்ட்டில் 212. பக்கத்து மையத்துக்கே பதிவை மாற்றிக்கொண்டார். தெரிந்தவர் இருவரை அங்கே பார்த்தாராம், அவர்களும் மருந்து வாங்கத்தான் வந்திருந்தார்கள். அடுத்த சிடி4 தேதி பச்சை நோட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, என் போனிலும் இருக்கிறது.